மதிலடித் தண்ணி

காரைதீவு
ஏப்ரல் 8

செயலாளர் முர்ஷித் அவர்களுக்கு,

'அவர்கள்' எண்டு போட என்ட கை கூசுது. டெக்னிக்கல் கொலேஜில ஒரு சோத்துப் பார்சலை ரெண்டாப் பிரிச்சுத் திண்ட ஆக்கள் நாங்க. ஆனா நீ என்ட நம்பரை போனில அடைச்சு வைச்சிருக்கிறாய். ரோட்டில கண்டா மற்றப் பக்கம் பார்க்கிறாய். வேற வழி இல்லாம முத்திரை ஒட்டி அனுப்பிறன். என்ட பூக்கண்டு நேர்சரிக்கும் உங்கட பள்ளிவாசலுக்கும் இடையில ஆறு அங்குலக் கல்லு மதில். அந்த ஆறு அங்குலத்தைத் தாண்ட இந்தக் கடிதம் காரைதீவுத் தபால்கந்தோருக்குப் போய், அங்கயிருந்து சாய்ந்தமருதுத் தபால்கந்தோருக்குப் போய், ரெண்டு மூண்டு நாளில உன்ட கைக்கு வரும். சிரிக்காத.

விசயத்துக்கு வாறன். என்ட கிணறு உப்பாப் போச்சு. மாசியில வாய்க்கு லேசாக் கரிச்சுது. பங்குனியில சோப்பு நுரைக்கல்ல. இப்ப ஊத்தினா இலையின்ட நுனி கருகுது. ஆரைக் குத்தம் சொல்ல? பத்து வருசத்துக்கு முன்னம் இந்த ஒழுங்கையில ஆறு வீடு. இப்ப முப்பத்தொண்டு. வீட்டுக்கு ஒரு மோட்டர். எல்லாருமாச் சேர்ந்து மணலுக்குள்ள கிடந்த நல்ல தண்ணியை இழுத்து முடிக்க, கடல் உள்ளுக்கு வந்து குந்திட்டுது. குழாய்த் தண்ணி குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். அதைக் கண்டுக்கு ஊத்த எனக்கு மனம் வராது.

உங்கட பள்ளியில ஆக்கள் தொழுறதுக்கு முன்னம் கை, முகம், கால் கழுவுற தண்ணி இருக்கே, வுழூத் தண்ணி. அது நீங்க புதுசாப் போட்ட பைப்பால என்ட மதிலோட ஒட்டி ஓடி, பெரிய கானுக்குள்ள விழுந்து கடலுக்குப் போகுது. அஞ்சு நேரமும் அது ஓடுற சத்தம் எனக்குக் கேக்குது. வெறும் வாளியோட நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன்.

அந்தத் தண்ணியை என்ட பக்கம் திருப்பி விடுவியளா? முந்நூறு செவ்வந்திக் கண்டு நிக்குது.

போன மாரியில இதே தண்ணிக்கு எதிரா முறைப்பாடு எழுதினவன் நான்தான். மறக்கல்ல. கேக்க வெக்கமாத்தான் இருக்கு. எண்டாலும் கேக்கிறன்.

கோகுலன்


சாய்ந்தமருது
ஏப்ரல் 15

கோகுலன்,

உன்ட கடிதத்த மூணு தரம் வாசிச்சேன். மூணு தரமும் கோவம்தான் வந்தது. நாலாம் தரம் என்ட பெஞ்சாதி ஹிமாயா பறிச்சு வாசிச்சிட்டு, "பாவம் அந்த மனிசன்" எண்டா. அவவுக்கு எல்லாரும் பாவம், என்னத் தவிர.

நேராக் கதைப்பம். போன மாரியில எங்கட வுழூத் தண்ணி உன்ட வளவுக்குள்ள பாய்ஞ்சி கண்டெல்லாம் அழுகினது மெய்தான். நீ ரெண்டு தரம் என்னட்ட வந்து சொன்னதும் மெய்தான். மறுகா பார்ப்பம் எண்டு நான் விட்டதும் மெய்தான். அதுக்காக, ஜும்ஆ நாளையிலயா? ஊரே தொழ வந்து நிக்கிற நேரம் சுகாதாரக்காரர் வந்து பைப்பெல்லாம் பூட்டச் சொன்னாரு. வயசாளிகள் வுழூச் செய்ய ஊடு ஊடாத் திரிஞ்சாங்க. செயலாளர் எண்டு நான் வாசல்ல நிண்டேன். ஒருத்தரும் என்னை ஏசல்ல. ஏசியிருந்தாலும் தேவலாம் போல இரிந்தது.

அந்தச் சூட்டுலதான் உன்ட கேட்டடிக்கு வந்து, "வல்லாஹி, இனி உன்னோட ஒரு வார்த்தை கதைக்க மாட்டேன்" எண்டு அல்லாஹ் மேல சத்தியம் செஞ்சேன். உன்ட பெஞ்சாதி தர்சிகாவும் கேட்டுக்கிட்டு நிண்டா. சத்தியத்த முறிச்சா பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுக்கணும், அதுதான் கஃப்பாரா. சாப்பாடு பெரிய காரியமில்ல. உனக்காக அத முறிக்கணுமா எண்டதுதான் என்ட கேள்வி.

எழுதினா கதைச்ச மாதிரியா எண்டு மௌலவியிட்டப் போய்க் கேட்டேன். அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்திட்டு, "சத்தியம் செய்யக்குள்ள மனசுல என்ன நினைச்சீங்க?" எண்டாரு. வாயால கதைக்கிறதத்தான் நினைச்சேன் எண்டேன். "அப்ப எழுதுங்க. ஆனா ரெண்டு பேரும் சின்னப் புள்ளைகள்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதாலதான் இந்தக் கடிதம்.

நீ கேட்டது என்ட ஊட்டுத் தண்ணி இல்ல. பள்ளித் தண்ணி. சபையில வைக்கணும். என்னத்தச் சொல்லி வைக்கிறது? எங்கட பைப்பப் பூட்ட வெச்சவரு செவ்வந்தி நடப் போறாராம் எண்டா? கண்டு காஞ்சா வேற வாங்கி நடு.

முர்ஷித்


காரைதீவு
ஏப்ரல் 20

முர்ஷித்,

வேற வாங்கி நட ஏலாது. ஏன் எண்டு முதல் கடிதத்தில சொல்லல்ல. இரக்கம் பிச்சை கேட்ட மாதிரி ஆகிடும் எண்டு விட்டன்.

போன வருசம் தர்சிகாவுக்குத் தொண்டையில கட்டி வந்தது உனக்குத் தெரியும். மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில தியேட்டர் கதவடியில நிண்டு நான் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைச்சன். வாற வைகாசிச் சடங்கில, குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர வைக்கிற அண்டைக்கு, என்ட கையால விதைச்சு என்ட கையால நட்ட பூவால பந்தல் கட்டித் தாறன் எண்டு. கடைப் பூ கூடாது. அடுத்த வீட்டுப் பூ கூடாது. நானேதான் அப்பிடிச் சொல்லி வாயைக் குடுத்தன். அவள் பிழைச்சு வந்து, குரல் திரும்பி, இப்ப காலையில இருந்து பொழுதுபடும் வரைக்கும் என்னை ஏசிக்கொண்டு திரியிறாள். கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு உனக்கு விளங்குமோ தெரியாது. ஜூன் ஒன்பதாம் திகதி குளிர்த்தி. இப்ப விதைச்சாப் பூக்காது. இந்த முந்நூறு கண்டும்தான் என்ட நேர்த்தி.

முறைப்பாட்டு விசயம். நான் எழுதிக் குடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவங்க வெள்ளிக்கிழமை பார்த்து வருவாங்க எண்டு எனக்குத் தெரியாது. தெரியாது எண்டு சொல்லித் தப்பவும் ஏலாது. பள்ளிக்குப் பக்கத்தில பதினெட்டு வருசமாத் தொழில் செய்யிறன், வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன நேரம் எண்டு தெரியாதவனா? அவங்கட வாகனம் வந்து நிண்டதைக் கண்டன். ஓடி வந்து, "ஐயா, ரெண்டு மணித்தியாலம் பொறுங்க" எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. அழுகின கண்டுகளைப் பார்த்த வயித்தெரிச்சலில பேசாம நிண்டன். வயசாளிகள் வீடு வீடாப் போனதை நானும் பார்த்தன். மன்னிச்சுக்கொள்ளு மச்சான். இதை நாலு மாசத்துக்கு முன்னமே சொல்லியிருக்க வேணும்.

நீ உன்ட சத்தியத்தைக் காப்பாத்திறாய். என்டதைக் காப்பாத்த எனக்கு உதவி செய்.

கோகுலன்


சாய்ந்தமருது
மே 2

மச்சான்,

சபை கூடினது. றாஸிக் ஹாஜியார் எழும்பி, "நம்மட பைப்பப் பூட்ட வெச்சவனுக்கு நம்மட தண்ணியா?" எண்டு மேசையில அடிச்சாரு. நான் உன்ட கடிதத்த எடுத்து, மன்னிப்புக் கேட்ட பகுதிய மட்டும் வாசிச்சேன். நேர்த்திக் கதைய வாசிக்கல்ல, அது உன்ட ஊட்டு விசயம். நீ வாகனத்தக் கண்டும் பேசாம நிண்டதையும் வாசிச்சேன். மறைச்சா நல்லதா இரிந்திருக்கும், ஆனா எனக்கு என்னமோ அதுதான் பிடிச்சிருந்தது.

மறுகா மௌலவி சொன்னாரு: "வுழூச் செஞ்ச தண்ணியால இன்னொருக்கா வுழூச் செய்ய ஏலாதே தவிர, தண்ணி சுத்தம்தான். மரஞ்செடிக்கு ஊத்த ஒரு தடையும் இல்ல. ஆத்துல நிண்டு வுழூச் செஞ்சாலும் தண்ணிய வீணாக்காதீங்க எண்டு சொல்ற மார்க்கத்துல இரிந்துக்கிட்டு, நாம ஒரு நாளைக்கு நாலாயிரம் லீற்றரக் கடலுக்கு அனுப்புறோம். கடலுக்குத் தண்ணி காணாதா?" ஹாஜியாரு தலையச் சொறிஞ்சாரு. பாஸ்.

இப்ப வேலைய நான் சொல்றேன், நீ கேளு. தோஹாவுல பத்து வருசம் கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற இடத்துலதான் என்ட வாழ்க்கை போனது. ஊருக்கு வந்து அதால ஒரு பிரயோசனமும் இல்லாம இரிந்தது. பள்ளி வளவுல ஒரு தொட்டி கட்டுவேன், மண்ணு அடியில படியும். அதுல இரிந்து வாற தண்ணி ஜல்லியும் மணலும் போட்ட ஒரு நீளப் பாத்தியால ஊறி வரும். பாத்தி நிறையக் கல்வாழை நடணும், அழுக்க அது திண்டு போடும். கடைசியில ரெண்டாவது தொட்டி. அங்கயிருந்து மதில உடைச்சு உன்ட பக்கம் பைப். மலசலகூடத் தண்ணி இதுல ஒரு சொட்டும் சேராது, அது வேற குழி. பைப்படியில சோப்பு வைக்க வேணாம் எண்டு பாங்கு சொல்ற மோதினாரிட்டச் சொல்லிட்டேன்.

கல்வாழைக் கிழங்கு உன்னட்ட இரிக்கும், அனுப்பு. பைப்புக்குக் கான் வெட்டுற இடத்துல உன்ட செவ்வந்திப் பை அறுபது நிக்குது. அத மதிலுடைச்ச ஓட்டையால பள்ளிப் பக்கம் தந்திரு, பாத்தி ஓரத்துல வைக்கலாம்.

ஒரு நிபந்தனை. நான் உன்ட வளவுல வேலை செய்யிற நேரம் நீ அங்க நிக்காத. நிண்டா எனக்கு வாய் வந்திரும்.

முர்ஷித்


காரைதீவு
மே 20

மச்சான்,

தண்ணி வந்திட்டுது.

ஆறு நாளைக்கு முன்னம், விடியக்காலை பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில பைப் வாயில ஒரு இருமல். பிறகு ஒரு சொட்டு. பிறகு விரல் மொத்தத்தில கண்ணாடி மாதிரித் தண்ணி. நான் அதில கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். நாக்கில வைச்சுப் பார்த்தன், ஏசாத, உப்பு இருக்கோ எண்டுதான் பார்த்தன். இல்ல. தர்சிகா ஓடி வந்து, "என்னப்பா அழுறீங்களா?" எண்டாள். முகம் கழுவினன் எண்டு சொன்னன்.

இப்ப எனக்கு உங்கட அஞ்சு நேரமும் அத்துப்படி. விடியக்காலைத் தண்ணி செவ்வந்தி நிக்கிற முதல் மேடைக்கு. மத்தியானத் தண்ணியைப் பிடிச்சு வைச்சு வெயில் தாழ ரெண்டாவது மேடைக்கு. பின்னேரத் தண்ணி மல்லிகைக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வருது பார், அது ஒரு வெள்ளம்! அண்டைக்கு மாமரத்துக்கும் வாழைக்கும் கூட விருந்து. பைப்படியில ஆக்கள் கூடினா எனக்கு இஞ்ச தெரியுது. பாங்குச் சத்தம் கேட்டு வாளியைத் தூக்கிற ஒரே சைவக்காரன் இந்தக் கரையில நான்தான் எண்டு தர்சிகா பகிடி பண்ணிறாள்.

கண்டுகள் நிமிர்ந்திட்டுது. மொட்டு வைக்கத் தொடங்கிட்டுது. உனக்கு, மௌலவிக்கு, மோதினாருக்கு, மேசையில அடிச்ச றாஸிக் ஹாஜியாருக்கும்தான், என்ட நன்றியைச் சொல்லு. முகம் தெரியாத எத்தினை பேர் கழுவுற தண்ணியில என்ட வளவு பச்சையா நிக்குது. அவங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லிறதெண்டு எனக்குத் தெரியல்ல.

ஒரு சின்னக் கதை. தர்சிகாட மாமி நேற்று வந்து, "கால் கழுவின தண்ணியில வளர்ந்த பூவையா அம்மனுக்கு வைக்கப் போறாய்?" எண்டு கேட்டா. நான் சிரிச்சு மழுப்பிட்டன். ஊர் வாய் எண்டா அப்பிடித்தான். உனக்குச் சொல்லாம இருக்க ஏலல்ல, அதால எழுதிறன். நீ ஒண்டும் யோசிக்காத.

அந்த அறுபது பையும் உங்கட பக்கமே கிடக்கட்டும். என்ட பக்கம் இடம் இல்ல.

கோகுலன்


காரைதீவு
மே 29

முர்ஷித்,

என்னடா செய்தாய்?

நேற்று ஊத்தின ரெண்டு மேடையிலயும் இலை வெளிறிப் போச்சு. இண்டைக்கு மொட்டெல்லாம் பழுப்பாக் கருகித் தொங்குது. பைப் வாயில மூக்கை வைச்சன், ஆசுப்பத்திரி விறாந்தை கழுவின மணம். குளோரின். கொஞ்சநஞ்சம் இல்ல, கண் எரியிற அளவுக்கு.

ஜல்லியாலயும் மணலாலயும் வாற தண்ணிக்குள்ள இது தானா வராது. ஆரோ கொண்டு வந்து கொட்டினதுதான். உங்கட ஆக்களில ஆருக்காவது நான் செய்தது இன்னும் மனசில கிடக்கோ? கிடந்தா என்னட்ட வந்து ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். பூவில ஏன்டா காட்டினீங்க?

குளிர்த்திக்கு இன்னும் பதினொரு நாள். இருநூற்றி நாற்பது கண்டில தேறினது பத்துப் பதினைஞ்சு. தர்சிகாவுக்கு இன்னும் சொல்லல்ல. அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள். வந்து பார்ப்பாள்தானே.

பைப்பை நான் மூடிட்டன். எனக்கு ஒரு மறுமொழி வேணும்.

கோகுலன்


சாய்ந்தமருது
ஜூன் 1

மச்சான்,

தபாலுக்குக் காத்திருக்க ஏலாது. இத மதில் மேல கல்லு வெச்சு விட்டுப் போறேன்.

கொட்டினவன் நான்தான். வேற ஒருத்தரையும் நினைக்காத. நானேதான்.

சொல்றதக் கேளு. உன்ட முந்தின கடிதத்துல தர்சிகாட மாமி கேட்டதா எழுதினாயே, கால் கழுவின தண்ணி எண்டு. நீ சிரிச்சிட்டு விட்ட. எனக்கு அது கல்புல குத்திக்கிட்டே இரிந்தது. நாங்க கால் கழுவி, வாய் கொப்பளிச்ச தண்ணி. அது இன்னொரு சமயத்துட வணக்கத்துக்குப் போகுது. எங்கட தண்ணியால உன்ட நேர்த்திக்கு ஒரு குறை வந்திரப்படாது, எங்கட பள்ளிக்கும் ஒரு சொல்லு வந்திரப்படாது எண்டு யோசிச்சேன். கோயிலுக்குப் போற பூவுக்குக் கண்ணு முழிச்சுப் பார்த்தாலும் ஒரு அழுக்கு இரிக்கப்படாது எண்டு நினைச்சு, ரெண்டாவது தொட்டிக்குள்ள குளோரின் போட்டேன். ஒரு பங்கு போட வேண்டிய இடத்துல நாலு பங்கு. சாமிக்கு எண்டதால நாலு பங்கு. தோஹாவுல பத்து வருசம் அளந்து அளந்து போட்ட இந்தக் கைதான். கண்டுக்கு ஊத்துற தண்ணிக்கு அது நஞ்செண்டு எனக்குத் தெரியாதா? தெரியும். மரியாதை கூடிப் போய் மூளை வேலை செய்யல்ல.

தொட்டிய முழுசா இறைச்சு, மூணு தரம் கழுவி, வெயிலுக்குத் திறந்து வெச்சிட்டேன். இண்டைக்கு மத்தியான லுஹருக்குப் பிறகு பைப்பத் திற. தேறின கண்டுக்கு நல்ல தண்ணிய அள்ளி ஊத்து, வேர்ல இரிக்கிறது கழுவிப் போகட்டும்.

இப்ப முக்கியமான விசயம். நீ பள்ளிப் பக்கம் தந்த அறுபது பையும் கல்வாழைப் பாத்தி ஓரத்துலதான் நிக்குது. அது குடிக்கிறது பாத்தியில ஊறுற தண்ணி. நான் குளோரின் போட்ட தொட்டி அதுக்கு அங்கால. ஒரு கண்டுக்கும் ஒண்டும் இல்ல மச்சான். இடுப்பளவு வந்து நிக்குது. பையக் கிழிச்சு வேர் பாத்திக்குள்ள இறங்கிட்டு. மொட்டு எண்ண ஏலாது.

பள்ளி வளவுல வளர்ந்த பூ கோயிலுக்குப் போகலாமா எண்டு உனக்கொரு யோசனை வரும், எங்கட ஆக்களுக்கும் வந்தது. நேத்து சபையில மௌலவியிட்டக் கேட்டோம். அவரு சொன்னாரு: "அந்தக் கண்டு பள்ளிக்குக் குடுத்ததா, வெச்சிருக்கத் தந்ததா?" வெச்சிருக்கத் தந்தது எண்டேன். "அப்ப அது அமானிதம். அடுத்தவன் நம்பித் தந்த பொருள். பொருளுக்குரியவரு கேட்டா அப்பிடியே திருப்பிக் குடுக்கிறதுதான் நம்மட கடமை. அவரு அத எங்க கொண்டு போறாரு எண்டு கேக்கிற உரிமை நமக்கில்ல." றாஸிக் ஹாஜியார்தான் முதல்ல "சரிதான்" எண்டாரு.

நீ விதைச்ச விதை. நீ நட்ட கண்டு. உன்ட கையால ஆய வேண்டிய பூ. ஒன்பதாம் திகதி விடியக்காலை சுபஹுத் தொழுகை முடிஞ்சதும் வாசல் திறந்திருக்கும். கூடையோட வா.

முந்நூறு இல்ல, அறுபதுதான். மீதியக் கெடுத்தவன் நான். என்ன சொல்லி மன்னிப்புக் கேக்கிறதெண்டு தெரியல்ல. தர்சிகாட்டையும் சொல்லு.

முர்ஷித்


காரைதீவு
ஜூன் 11

மச்சான்,

குளிர்த்தி முடிஞ்சுது. முதல் வேலையா உனக்கு எழுதிறன்.

அண்டைக்கு வளவுக்குள்ள நடந்ததெல்லாம் நீயும் பார்த்துக்கொண்டுதான் நிண்டாய், ஆனா என்ட பக்கத்தால சொல்ல வேணும். வாசலடியில செருப்பைக் கழட்டிட்டு வரட்டோ எண்டு தயங்கி நிண்டன். மோதினார் வந்து கூடையை வாங்கிக்கொண்டு, "வாங்க, பூ வாடிரும்" எண்டார். தொழுதிட்டு வந்த ஆக்கள் நாலைஞ்சு பேர் சுத்தி நிண்டு வேடிக்கை பார்த்தாங்க. றாஸிக் ஹாஜியார் ஒரு கட்டத்தில, "காம்ப நீளமா ஆயிங்க தம்பி, கட்ட வசதியா இரிக்கும்" எண்டு பதினெட்டு வருசம் பூ ஆயிறவனுக்கு வகுப்பெடுத்தார். நான் ஓம் ஓம் எண்டு நீளமா ஆய்ஞ்சன். நீ தூரத்தில தூணடியில நிண்டு, நான் விட்ட பூவையெல்லாம் விரலால காட்டிக்கொண்டிருந்தாய். வாய் மட்டும் இறுக்கிப் பூட்டிக் கிடந்தது. உன்னைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. நாலு கூடை நிறைஞ்சுது.

பந்தல் நினைச்ச அளவுக்குப் பெரிசில்ல. அம்மனுக்கு முன்னுக்கு மட்டும்தான் கட்டப் போதுமா இருந்தது. தர்சிகா பார்த்திட்டு, "நீங்க நேர்ந்தது பந்தல் எண்டுதானே, இவ்வளவு நீளம் எண்டில்லையே" எண்டாள். அவளிட்ட நடந்ததெல்லாம் சொல்லிட்டன். நாலு பங்கு குளோரின் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். பிறகு கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "முர்ஷித் அண்ணனுக்கு நான் என்னண்டு நன்றி சொல்லுவன்" எண்டாள்.

கோயிலில பூசை செய்யிற கட்டாடியார் பூவைத் தொட்டுப் பார்த்து, இந்த வெயில் காய்ச்சலுக்குள்ள எங்கயடா இவ்வளவு வடிவான பூ எண்டு கேட்டார். பொய் சொல்ல மனம் வரல்ல. என்ட கண்டுதான், பள்ளிவாசல் வளவில நிண்டது, அவங்கட வுழூத் தண்ணி குடிச்சு வளர்ந்தது எண்டன். கொஞ்சம் பயந்துதான் சொன்னன். அவர் அறையில இருந்த செம்பை எடுத்துத் தண்ணி தெளிச்சு, பூவை அம்மன்ட காலடியில வைச்சார். குளிர்த்தி பாடி முடிய, கேள்வி கேட்ட அதே மாமி முதல் ஆளா வந்து கையேந்திப் பூ வாங்கித் தலையில வைச்சா.

கருகின மேடையில இருபது கண்டு திரும்பத் துளிர்க்குது. நீ இறைச்சு விட்ட தண்ணிதான். அதுகளை நினைச்சு இனி நீ வருந்தாத. பூவில ஏன்டா காட்டினீங்க எண்டு நான் எழுதினேனே, அதுக்கு நான்தான் உன்ட முகத்தைப் பார்க்க வெக்கப்பட வேணும். என்ட சாமிக்கு மரியாதை செய்யப் போய் நீ பிழை விட்டாய். நான் உன்ட ஆக்களைச் சந்தேகப்பட்டன்.

ஒண்டே ஒண்டு கேக்கிறன். இனி அந்தத் தண்ணிக்கு ஒண்டும் போடாத. ஒரு சிட்டிகையும் வேணாம். உங்கட பைப்படியால எப்பிடி வருதோ, கல்வாழை எப்பிடி வடிச்சுத் தருதோ, அப்பிடியே வரட்டும். தொழப் போற ஆக்கள் கழுவின கால்தானே மச்சான். அந்தத் தண்ணி எங்களுக்குக் கூடாதெண்டா வேற எந்தத் தண்ணி கூடும்?

கோகுலன்


சாய்ந்தமருது
ஜூன் 13

மச்சான்,

இதுவும் மதில் மேல கல்லுக்குக் கீழதான். முத்திரை இல்ல.

இண்டைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வளவுல பத்துப் பேருக்குச் சாப்பாடு குடுத்தேன். ஹிமாயாதான் ஆக்கினா. எல்லாரும் மெய்யாவே கஷ்டப்பட்டவங்க, பேரு சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடிஞ்சு பைப்படிக்குப் போகப் பார்த்தாங்க. நான் ஓடிப் போய் மறிச்சேன். எண்ணெய்க் கைய அங்க கழுவப்படாது, கோகுலன்ட கண்டுக்கு ஆகாது எண்டு சொல்லி, வாசலடியில வேற வாளி வெச்சுக் கழுவ வெச்சேன். பைத்தியக்காரன் எண்டு பார்த்தாங்க.

கஃப்பாரா முடிஞ்சது. என்ட சத்தியம் என்ட கழுத்த விட்டு இறங்கிட்டு.

பின்னேரம் அஸர் தொழுதிட்டு மதிலடிக்கு வாறேன். நீயும் வா. ஆறு மாசக் கதை கிடக்கு.

முர்ஷித்